கரண்ட் பிடிக்க எத்தனை தரம் கடல் கடக்கவேணும்?

குறிகட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவுப் படகுக்காகக் காத்திருந்த ஒரு பின்னேரம்தான் இந்தக் கட்டுரைக்கான முதல் கணக்கு போடப்பட்டது. போட்டவர்கள் நாங்கள் அல்ல. எங்களில் ஒருவரின் பெரியப்பா. எழுபது தாண்டிய நெடுந்தீவுக்காரர். கிளினிக் துண்டைத் திருப்பி அதன் வெறும் பக்கத்தில் பேனையால் எழுதிக்கொண்டிருந்தார்.

"முப்பத்தேழு நாள் கரண்ட் பிடிக்கவேணுமாம். அப்ப எழுபத்து நாலு தரம் கடல்."

எங்கள் பக்கத்தில் கதிர்வீச்சுச் சிகிச்சைக்குக் கரண்ட் பிடிக்கிறது என்றுதான் பெயர். பெரியப்பாவுக்கு வந்திருந்தது புரொஸ்ரேற் புற்றுநோய். வெட்டி எடுக்கலாம், கதிர் குடுக்கலாம், ஊசியும் போடலாம், எது உங்களுக்கு விருப்பம் என்று கேட்டிருக்கிறார்கள். "எனக்கென்ன தெரியும் தம்பி? எது நல்லது எண்டு கேக்கத்தானே நான் போனனான்" என்றார்.

நாங்கள் மருத்துவர்கள் இல்லை. வாசிக்கிறதும் வாசித்ததை எழுதுகிறதும்தான் எங்கள் வேலை. அவருக்காக வாசிக்கத் தொடங்கினோம். வாசித்தபோது ஒன்று விளங்கியது. இந்தச் சிகிச்சையின் நூறு வருடக் கதை இரண்டு கேள்விகளின் கதை. பக்கத்து உறுப்புகளைச் சுடாமல் சுரப்பிக்குள் எவ்வளவு கதிரைப் போடலாம் என்பது முதற் கேள்வி. அதை எத்தனை நாளில் குடுத்து முடிக்கலாம் என்பது இரண்டாவது. முதற் கேள்வியை உலகம் ஆரம்பத்திலிருந்தே கேட்டது. இரண்டாவதைப் பிந்தித்தான் கேட்டது. தீவில் இருக்கிறவருக்கு அந்த இரண்டாவது கேள்விதான் சில வேளை எல்லாத்தையும் தீர்மானிக்கிறது.

பெயர் சொல்லக் கூசுகிற சுரப்பி

எங்கள் பள்ளிக்கூடப் பாடப்புத்தகத்தில் இதற்கு முன்னிற்கும் சுரப்பி என்று பெயர். வீட்டில் அந்தப் பெயரும் இல்லை, வேறு பெயரும் இல்லை. "சலம் போறதில கொஞ்சம் கரைச்சல்" என்பதோடு கதை முடியும். சலம் முற்றாக அடைத்தபிறகு, அல்லது முதுகெலும்பில் நோவு வந்தபிறகு ஆஸ்பத்திரிக்குப் போன ஆட்களை எங்கள் எல்லோர் குடும்பத்திலும் சொல்லலாம்.

இந்த யாழ்ப்பாணத்தில்தான் 1847 இல் வந்திறங்கிய அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மேலைத்தேய வைத்தியத்தைத் தமிழிலேயே படிப்பிக்கலாம் என்று மானிப்பாயில் செய்து காட்டினார். 1873 இல் ஊர் திரும்பும்வரை அறுபதுக்கும் மேற்பட்டவர்களை வைத்தியராக்கினார். உடற்கூறு, இரண வைத்தியம், பிரசவ வைத்தியம் எல்லாம் தமிழில் அச்சேறின. உடம்பின் ஒவ்வொரு துண்டுக்கும் தமிழில் பெயர் தேடிய அதே மண்ணில், இந்த ஒரு சுரப்பியைப் பற்றி அப்பன் மகனோடு கதைக்கமாட்டான். ஆகவே வெளிப்படையாகவே எழுதுகிறோம்.

புரொஸ்ரேற் ஒரு பெரிய கொட்டைப்பாக்கு அளவு. அது இருக்கிற இடம்தான் பிரச்சினை. மேலே சலப்பை. பின்னால் நேர்குடல். நடுவால் சலக்குழாய். இரண்டு பக்கத்தாலும் ஆணுறுப்பு விறைப்பதற்கான நரம்புகள். இந்த நாலு அயலவர்களையும் நினைவில் வைத்திருந்தால் கதிர்வீச்சின் பக்கவிளைவு எதையும் பாடமாக்கத் தேவையில்லை. சலப்பை சுடுபட்டால் அடிக்கடி சலம் போகும், எரியும். பிந்திய காலத்தில் இரத்தமும் வரலாம். குடல் சுடுபட்டால் வயிறு இளகும், அவசரமாய் முட்டும், மலத்தோடு இரத்தம் போகும். குழாய் சுருங்கினால் சலம் அடைக்கும். நரம்பும் இரத்தக்குழாயும் பழுதானால் விறைப்பு வருடக்கணக்கில் மெல்ல மெல்லக் குறையும்.

ரேடியம் முதல் கோபால்ற் வரை

கியூரி தம்பதியினர் ரேடியத்தைக் கண்டது 1898 இல். அடுத்த பத்துப் பதினைந்து வருடங்களுக்குள் பாரிஸ் மருத்துவர்கள் அதை மெல்லிய குழாயில் வைத்து, சலக்குழாய் வழியாகப் புரொஸ்ரேற்றுக்குக் கிட்டக் கொண்டுபோனார்கள். 1915 அளவில் அமெரிக்காவின் போல்ற்றிமோரில் ஹியூ ஹம்ப்ரன் யங் சலக்குழாய், சலப்பை, நேர்குடல் மூன்று பக்கத்தாலும் மாறிமாறி வைத்துப் பார்த்தார். நியூயோர்க்கில் பெஞ்சமின் பாரிஞ்சர் ஊசிகளையே சுரப்பிக்குள் ஏற்றினார். கட்டி சுருங்கியது, குடலும் சுட்டது. எவ்வளவு கதிர் எங்கே போகிறது என்று அளக்க வழியில்லாத காலம். வைத்தியர்களின் கையும் சேர்ந்தே வெந்தது.

1941 இல் சிக்காகோவில் சாள்ஸ் ஹகின்ஸ், இந்த நோய் ஆண் ஓமோனைத் தின்று வளர்கிறது, அதை நிறுத்தினால் அடங்குகிறது என்று காட்டினார். 1966 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதன் பிறகு கொஞ்சக் காலம் கதிர்வீச்சைப் பெரிதாக ஒருவரும் நம்பவில்லை. ஓமோனை நிறுத்தினால் போதும் என்று நினைத்தார்கள். நோய் சில வருடங்களில் திரும்பி வந்தது.

1951 இல், இப்போது எங்கள் சனம் பெருந்தொகையாய் இருக்கிற அதே கனடாவில், ஒன்ராறியோவின் லண்டன் நகரத்திலும் சஸ்கற்றூனிலும் கோபால்ற் 60 இயந்திரம் வேலைசெய்யத் தொடங்கியது. ரேடியத்தைவிட மலிவு, எக்ஸ்-றேயைவிட ஆழமாய்ப் போகும். ஏழை நாடுகளுக்கும் அது எட்டியது. பாக்குநீரிணைக்கு அந்தப் பக்கம், முத்துலட்சுமி ரெட்டி 1954 இல் தொடங்கிய சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்துக்கு 1950களிலேயே கோபால்ற் வந்துவிட்டது.

கோபால்ற்றுக்கு இரண்டு குறை. ஒன்று, அதன் கதிரின் கரை கூராக இராது. லாம்பு வெளிச்சம்போல ஓரம் பரவும். அதோடு முழுப் பலமும் தோலுக்கு அரைச் சென்ரிமீற்றர் கீழேயே விழும். புரொஸ்ரேற்றோ உடம்பின் நடுவில், ஆழத்தில். எனவே போகிற வழியெல்லாம் சுடும். மற்றது, கோபால்ற் தானாகவே தேய்கிற பொருள். அரைவாழ்வுக் காலம் ஐந்தேகால் வருடம். ஐந்தேகால் வருடத்தில் பலம் பாதி. அதே அளவு கதிருக்கு ஒவ்வொரு நோயாளியும் இரண்டு மடங்கு நேரம் படுத்திருக்க வேணும். காலாகாலத்தில் புதுக் கோபால்ற் வாங்கிப் போடாவிட்டால், இயந்திரம் இருந்தும் வரிசை நீண்டுகொண்டே போகும்.

கதிரை ஒடுக்கிய கதை

1950களின் கடைசியில் கலிபோர்னியாவின் ஸ்ரான்போர்ட்டில் மல்கம் பாக்ஷோ, லினாக் எனப்படும் நேர்கோட்டு ஆர்முடுக்கியைக்கொண்டு புரொஸ்ரேற் புற்றுநோயைக் குணப்படுத்தலாம் என்று முயன்றார். மின்சாரத்தில் ஓடுகிற இயந்திரம், அதனால் தேயாது. கதிர் ஆழத்தில்தான் பலமாய் விழும், கரையும் கூர். 1965 இல் அவர் முடிவுகளை வெளியிட்டபிறகுதான், ஓமோனை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருப்பது மட்டும் வழியல்ல என்று உலகம் ஏற்றுக்கொண்டது.

ஆனால் அடுத்த முப்பது வருடமும் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நின்றது. 70 கிறே அளவுக்கு மேல் கூட்டினால் நேர்குடல் தாங்காது. அமெரிக்காவின் எம்.டி. அண்டர்சன் நிலையம் 70 கிறேயையும் 78 கிறேயையும் ஒப்பிட்டுப் பார்த்தது. 78 இல் நோய் கூடுதலாக அடங்கியது. குறிப்பிடத்தக்க குடல் உபாதையோ 13 வீதத்திலிருந்து 26 வீதமானது. சரியாக இரண்டு மடங்கு. அந்தக் காலத்துக் கதிர்வீச்சின் பேரம் இதுதான். நோயை வெல்லக் குடலைக் குடு.

அந்தப் பேரத்தை மாற்றியது கணினி. முதலில் சி.ரி. ஸ்கான் படத்தை வைத்துச் சுரப்பியின் உருவத்துக்கு ஏற்றபடி கதிரை வெட்டினார்கள். பிறகு, 1990களின் பிற்பகுதியிலிருந்து, ஒரு கதிருக்குள்ளேயே இந்த மூலையில் கூட, அந்த மூலையில் குறைய என்று பலத்தை மாற்றுகிற செறிவுமாற்றுக் கதிர்வீச்சு பரவியது. ஆஸ்பத்திரித் துண்டுகளில் ஐ.எம்.ஆர்.ரி. என்று இருப்பது இதுதான். நேர்குடல் இருக்கிற பின்பக்கத்தை வளைத்து விடலாம். பக்கவிளைவு இல்லாமற் போகவில்லை, குறைந்தது.

இதற்குச் சலப்பை நிரம்பியும் குடல் வெறுமையாயும் இருக்கவேணும். நிரம்பிய சலப்பை மேலே விலகும், வெறுங்குடல் பின்னால் ஒதுங்கும், ஒவ்வொரு நாளும் சுரப்பி ஒரே இடத்தில் நிற்கும். தண்ணி குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு வா என்பார்கள். நல்லூரிலிருந்து வருகிறவருக்கு அது அரை மணித்தியாலக் கஷ்டம். நெடுந்தீவிலிருந்து படகில் ஒரு மணித்தியாலமும் பிறகு பஸ்ஸும் என்று வருகிறவரின் நிலைமையை நினைத்துப் பாருங்கோ. வீட்டில் குடித்துவிட்டு வந்தால் படகில் முட்டும். வந்து குடித்தால் பின்னேரப் படகுக்கு ஓடவேணும். சிகிச்சை மூன்றாம் நாலாம் கிழமைக்கு வரும்போது வயிறும் இளகத் தொடங்கும். சனம் நிறைந்த படகில் ஒரு கிழவர் அதை எப்படிச் சமாளிப்பார்? ஆய்வுக் கட்டுரையில் அவசரமாய் முட்டுதல் என்பது ஒரு வீதக்கணக்கு. கடலில் அது மானப்பிரச்சினை.

விதை போடுவதும் புரோத்தனும்

உள்ளிருந்தே கதிர் குடுக்கிற பழைய ரேடிய யோசனை சாகவில்லை. 1970களில் நியூயோர்க்கில் அயடீன் 125 என்ற பொருளை அரிசியளவு விதைகளாக்கி, வயிற்றைத் திறந்து கைமதிப்பில் ஊன்றினார்கள். விதை ஒரு பக்கம் கூடி ஒரு பக்கம் குறைந்தது. முடிவு சரிவரவில்லை. 1983 இல் டென்மார்க்கின் ஹான்ஸ் ஹெண்றிக் ஹோல்ம், குதத்துக்குள் அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்த்தபடியே கீழிருந்து ஊசியால் விதைக்கிற முறையை வெளியிட்டார். அமெரிக்காவின் சியாற்றிலில் அது வளர்ந்து, பிராக்கிதெரபி என்று உலகம் முழுக்கப் போனது.

ஒரே நாள் வேலை. விதை உள்ளேயே இருக்கும், அரைவாழ்வுக் காலம் அறுபது நாள், மெல்ல அடங்கிவிடும். தூரத்து ஆளுக்கு இதைவிட வசதி இல்லை என்று எங்களுக்கும் முதலில் தோன்றியது. ஆனால் சலக்குழாய்தான் இதற்கு விலை குடுக்கிறது. கனடாவில் தொடங்கிய ஒரு பெரிய ஆய்வில், வெளிக்கதிரோடு விதையும் சேர்த்த ஆட்களில் ஒன்பது வருடத்துக்குப் பிறகு 83 வீதமானோருக்கு நோய் திரும்பவில்லை. வெளிக்கதிர் மட்டும் கூட்டியவர்களில் 62 வீதம். பெரிய வித்தியாசம். ஆனால் கடுமையான சலப் பிரச்சினை, சத்திரசிகிச்சை வரை போகிற அளவுக்கு, விதை போட்டவர்களில் 18 வீதம், மற்றவர்களில் 5 வீதம். சலம் அடைத்தால் இரவோடிரவாக ஆஸ்பத்திரிக்குப் போகவேணும். காற்றுக் காலத்தில் தீவிலிருந்து எப்படிப் போகிறது? ஒரு நாளில் முடிகிற சிகிச்சை பிறகு பல நாளைக் கேட்கலாம்.

பிறகு புரோத்தன். 1990 இல் கலிபோர்னியாவின் லோமா லின்டாவில் ஆஸ்பத்திரிக்குள்ளேயே புரோத்தன் இயந்திரம் வந்தது. புரோத்தன் கதிர் குறித்த ஆழத்தில் நின்றுவிடும், அப்பால் போகாது. கேட்க அற்புதமாக இருக்கும். 2019 இல் சென்னையிலும் தனியார் புரோத்தன் நிலையம் வந்தபிறகு, காணியை வித்தாவது போவமோ என்று கேட்கிற குடும்பங்கள் எங்களுக்குத் தெரியும். அமெரிக்காவில் 450 பேரை இரண்டாகப் பிரித்துப் புரோத்தனையும் செறிவுமாற்றுக் கதிரையும் ஒப்பிட்ட ஆய்வின் முடிவு 2024 இல் வெளிவந்தது. இரண்டு வருடத்தில் குடல் உபாதையில் வித்தியாசம் இல்லை. நோய் அடங்குவதிலும் இல்லை. சின்னப் பிள்ளைகளின் புற்றுநோய்க்குப் புரோத்தனின் பயன் வேறு கதை. புரொஸ்ரேற்றுக்காகக் காணி விற்கத் தேவையில்லை என்றுதான் அந்த ஆய்வை நாங்கள் வாசிக்கிறோம்.

வெட்டுவதா, சுடுவதா, பார்த்திருப்பதா

பிரித்தானியாவில் புரொடெக்ற் என்று ஒரு ஆய்வு. நோய் சுரப்பிக்குள்ளேயே இருந்த 1,643 ஆண்களைச் சத்திரசிகிச்சை, கதிர்வீச்சு, உடனே ஒன்றும் செய்யாமல் கவனமாகப் பார்த்திருத்தல் என்று குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். பதினைந்து வருடம் கழித்து, 2023 இல் கணக்கு வந்தது. புரொஸ்ரேற் புற்றுநோயால் இறந்தவர்கள் 45 பேர், நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவு. மூன்று குழுவுக்கும் இடையில் சொல்லக்கூடிய வித்தியாசம் இல்லை. ஆனால் பார்த்திருந்தவர்களில் கூடுதலான பேருக்கு நோய் வெளியே பரவியது என்பதையும் சேர்த்துச் சொல்லவேணும்.

வாழ்ந்த விதத்தில்தான் வித்தியாசம் இருந்தது. பன்னிரண்டு வருடத்தில், சலம் கசிவதால் துணி வைக்க வேண்டியிருந்தவர்கள் சத்திரசிகிச்சைக் குழுவில் 24 வீதம், கதிர்வீச்சில் 8 வீதம். மலம் கசிந்தவர்கள் கதிர்வீச்சில் 12 வீதம், மற்றவர்களில் 6 வீதம். விறைப்பு, சத்திரசிகிச்சையில் உடனே விழுந்தது, கதிர்வீச்சில் மெல்ல விழுந்தது, பன்னிரண்டு வருடத்தில் வயதும் சேர்ந்து எல்லோரையும் ஏறக்குறைய ஒரே இடத்தில் கொண்டுவந்து விட்டது.

எது நல்லது என்ற பெரியப்பாவின் கேள்விக்கு இதில் ஒற்றைப் பதில் இல்லை. "எந்தக் கரைச்சலோடு உங்களால சீவிக்க ஏலும்?" என்றுதான் திருப்பிக் கேட்கவேணும். முன்னர் அவரிடம் கேட்ட கேள்வியும் இதுவாகத்தான் இருந்திருக்கும். கேட்டவர்கள் இந்தக் கணக்கைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஒரு எச்சரிக்கை. அந்த ஆய்வில் இருந்தவர்கள் இரத்தப் பரிசோதனையில் முன்கூட்டியே பிடிபட்டவர்கள். எங்கள் ஆட்கள் பலர் பிந்தி வருபவர்கள். சுரப்பிக்கு வெளியே படர்ந்த நோய்க்குப் பார்த்திருத்தல் பொருந்தாது. அங்கே கதிரோடு ஓமோன் ஊசியும் சேரவேணும். 1997 இல் ஐரோப்பிய ஆய்வொன்று, கதிரோடு மூன்று வருட ஓமோன் சிகிச்சையும் எடுத்தவர்களில் 79 வீதமானோர் ஐந்து வருடத்தில் உயிரோடிருக்க, கதிர் மட்டும் எடுத்தவர்களில் 62 வீதமே இருந்தார்கள் என்று காட்டியது. அந்த ஊசிக்கும் விலை உண்டு. உடம்பு திடீரெனக் கொதிக்கும், களைக்கும், எலும்பு மெலியும், ஆசை அடங்கும்.

மகரகமை, தெல்லிப்பழை

இவ்வளவும் வெளியில் நடந்தபோது எங்கள் ஊரில் என்ன நடந்தது? நீண்ட காலம் வடக்கில் புற்றுநோய் என்றால் மகரகமை. யுத்தகாலத்தில் அங்கே போவதற்கு நோய் மட்டும் போதாது, அனுமதியும் வேணும். 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டபிறகு கப்பலிலோ விமானத்திலோதான் கொழும்புக்குப் போகலாம், அதற்கும் கிளியரன்ஸ் எடுக்கவேணும். ஏழெட்டுக் கிழமைச் சிகிச்சைக்குக் கொழும்பில் அறை எடுத்துத் தங்க வசதியில்லாதவர்கள் போகாமலே விட்டார்கள். அப்படிப் போகாமல் விட்டவர்களை யாரும் எண்ணி வைத்ததாக நாங்கள் காணவில்லை.

யுத்தம் முடிந்தபிறகு 2011 ஜூலையில், யாழ்ப்பாணத்தில் புற்றுநோய் ஆஸ்பத்திரி கட்டக் காசு சேர்ப்பதற்காக, நேதன் சிவகணநாதனும் சரிந்த உனம்புவேயும் தெற்கே தேவேந்திர முனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை நடந்தார்கள். சுமார் 670 கிலோமீற்றர், 27 நாள். வழிநெடுக ஆயிரக்கணக்கான சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் கூட நடந்தார்கள், உண்டியலில் போட்டார்கள். 2013 இல் தெல்லிப்பழையில் கட்டடம் திறந்தது. 1990 இல் சனம் முழுக்க இடம்பெயர்ந்து வருடக்கணக்காய்த் திரும்பிப் போக முடியாதிருந்த வலிகாமம் வடக்கில், புற்றுநோயாளிகள் தேடி வருகிற ஆஸ்பத்திரி எழுந்தது சின்ன விஷயம் இல்லை.

ஆனாலும் தெல்லிப்பழை தீவுக்கு மறுகோடி. நெடுந்தீவிலிருந்து கடலால் குறிகட்டுவான், அங்கிருந்து புங்குடுதீவு, வேலணை தாண்டிப் பண்ணைப் பாலத்தால் பட்டினம், பட்டினத்திலிருந்து வடக்கே இன்னொரு பஸ். ஒரு வழி ஐம்பது கிலோமீற்றருக்கு மேல். போய்வர நூறுக்கு மேல். முப்பத்தேழு நாளென்றால் 3,700 கிலோமீற்றர். அந்த ஆஸ்பத்திரிக்காக இலங்கையின் முழு நீளத்தையும் நடந்தவர்களின் தூரத்தைப்போல் ஐந்து மடங்குக்கும் மேல்.

நயினாதீவாருக்குக் கடல் கால் மணித்தியாலம். ஊர்காவற்றுறையாருக்கும் வேலணையாருக்கும் பாலம் இருக்கிறது. நெடுந்தீவாருக்குத்தான் ஒரு மணித்தியாலக் கடல். 1985 மே 15 இல் குமுதினிப் படகில் நடந்த படுகொலையை நினைவில் வைத்திருக்கிற தலைமுறைக்கு அது வெறும் தூரமும் இல்லை.

37, 20, 5, 1

ஏன் முப்பத்தேழு? ஒரேயடியாகக் குடுத்தால் நல்ல கலங்கள் மீளாது. நாளுக்கு 2 கிறே என்று சிறு துண்டாகக் குடுத்தால் நல்ல கலம் இரவில் தன்னைத் திருத்திக்கொள்ளும், புற்றுக்கலம் திருந்தாது. இதுதான் பழைய விதி. 74 கிறேயை இரண்டால் பிரித்தால் 37.

1999 இல் டேவிட் பிரென்னரும் எரிக் ஹோலும் ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார்கள். புரொஸ்ரேற் புற்றுக்கலம் மெல்ல வளர்வது. சிறு துண்டுக் கதிரை அதுவும் சமாளித்துத் திருந்திக்கொள்கிறது, பெரிய துண்டுக்குத்தான் அது கூடுதலாகச் சாகிறது என்றார்கள். அப்படியென்றால் நாளைக் குறைத்து, துண்டைப் பெருப்பிக்கலாம்.

பிரித்தானியாவின் சிப் ஆய்வு அதை 3,216 பேரில் சோதித்தது. 37 நாளில் 74 கிறே ஒரு பக்கம், 20 நாளில் 60 கிறே மறுபக்கம். 2016 இல் முடிவு வந்தது. ஐந்து வருடத்தில் நோய் திரும்பாதவர்கள் 37 நாளில் 88.3 வீதம், 20 நாளில் 90.6 வீதம். 20 நாள் 37 நாளுக்குக் குறைந்ததல்ல என்பது நிரூபணமானது. குடல் கரைச்சல் 20 நாள்காரருக்குக் கொஞ்சம் முந்தி வந்தது, 18 கிழமைக்குள் இரண்டு குழுவும் சமன். நீண்டகாலப் பக்கவிளைவும் ஏறத்தாழ ஒன்றே.

பிறகு ஐந்து. பேஸ் பி என்ற ஆய்வு 874 பேரில், குறைந்த அல்லது நடுத்தர ஆபத்துள்ள நோய்க்கு, ஐந்தே தடவையில் பெரிய அளவைக் குடுத்துப் பார்த்தது. 2024 முடிவின்படி ஐந்து வருடத்தில் நோய் அடங்கியிருந்தது ஐந்து தடவைக்காரருக்கு 95.8 வீதம், வழமைக்காரருக்கு 94.6 வீதம். ஆனால் அந்த ஐந்து வருடத்தில் ஒரு தடவையாவது மருந்து தேவைப்படுகிற அளவுக்குச் சல உபாதை வந்தவர்கள் 26.9 வீதம், வழமையில் 18.3 வீதம். குடலில் வித்தியாசம் இல்லை. இதற்கு நல்ல லினாக்கும், ஒவ்வொரு தடவையும் சுரப்பி எங்கே நிற்கிறது என்று படம் பிடித்துப் பார்க்கிற வசதியும் கட்டாயம். படர்ந்த நோய்க்கு இந்த ஆய்வு பொருந்தாது.

கடைசியாக ஒன்று. நோய் எலும்புக்குப் போய் நோவு தாங்க ஏலாமல் கிடக்கிறவருக்கு, ஒரே தடவை 8 கிறே குடுத்தால், பத்துத் தடவை குடுத்ததற்குச் சமனாக நோவு குறைகிறது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. சிலருக்குப் பிறகு இன்னொரு தடவை தேவைப்படலாம். எழும்ப ஏலாத ஆளைப் படகில் தூக்கி ஏற்றுகிற குடும்பத்துக்கு, பத்து நாளுக்கும் ஒரு நாளுக்கும் உள்ள வித்தியாசத்தை நாங்கள் சொல்லத் தேவையில்லை.

எழுபத்து நாலு கடல், நாற்பது கடல், பத்துக் கடல், இரண்டு கடல். டீசல் இல்லாமல் நாடே நின்ற 2022 ஐ நினைத்துக்கொண்டு இந்த இலக்கங்களை வாசியுங்கோ. நடுவில் நாட்கள் தவறினால் கதிர்வீச்சின் பலனும் குறையலாம். ஆகவே நாளைக் குறைப்பது தீவாருக்கு வெறும் சலுகை இல்லை. சிகிச்சையை முடிப்பதா விடுவதா என்பதே அதில்தான் தங்கியிருக்கிறது.

இவ்விடத்தில் ஊரில் உள்ள ஒரு பயத்தையும் தீர்க்கவேணும். வெளிக்கதிர் எடுத்தவரின் உடம்பில் கதிர் தங்காது. அவருக்குக் கோப்பை வேறாக்க வேண்டியதில்லை, பேரப்பிள்ளை மடியில் இருக்கலாம். விதை போட்டவர் மட்டும் முதல் சில மாதம் சின்னப் பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் நெருக்கமாய் நெடுநேரம் வைத்திருக்கக் கூடாது. தலைமயிரும் கொட்டாது. கதிர் படுகிற இடத்தில்தான் எதுவும் நடக்கும்.

பெரியப்பா என்ன செய்தார்

அடுத்த கிளினிக்குக்கு எங்களில் இருவர் கூடப் போனோம். துண்டில் எழுதிக்கொண்டுபோன கேள்விகள் நாலு. நோய் சுரப்பிக்குள்ளேயா, வெளியேயா? 20 நாளில் முடிக்க இவருக்கு ஏலுமா? ஓமோன் ஊசி தேவையா, எவ்வளவு காலம்? இவருக்கு ஏற்கெனவே சலம் போவதில் கரைச்சல் இருக்கிறது, அதைப் பார்த்து எது பொருந்தும்?

மருத்துவர் இளம் ஆள். ஆறுதலாகக் கேட்டார். பிறகு கோப்பைத் திருப்பிப் பார்த்து, "ஐயா, நீங்கள் ரவுணிலதானே இருக்கிறீங்கள்?" என்றார். அப்போதுதான் விளங்கியது. பதிவு செய்தபோது பெரியப்பா, கடிதம் கெதியாய் வரும் என்று யாழ்ப்பாணத்திலுள்ள மகளின் விலாசத்தைக் குடுத்திருக்கிறார். கோப்பின்படி அவர் கடல் கடக்கிறவரே இல்லை. முப்பத்தேழு நாள் எழுதிய கைக்கு, அதற்குள் எழுபத்து நாலு கடல் இருப்பது தெரியாது.

நோய் சுரப்பிக்குள்தான் இருந்தது, ஆனால் சின்ன ஆபத்தும் இல்லை. இருபது நாளும், ஆறு மாத ஊசியும் என்று முடிவானது. கிழமை நாட்களில் மகள் வீட்டில் நின்றார். சனி ஞாயிறு ஊருக்குப் போனார். மாடு நிற்குது, தான் போகாவிட்டால் யார் பார்ப்பது என்பது அவர் நியாயம். மூன்றாம் கிழமை வயிறு இளகியது. அந்தக் கிழமை மட்டும் கடல் கடக்கவில்லை. இப்போதும் இரவில் மூன்று நாலு தரம் எழும்புகிறார். மலத்தோடு ஒரு தரம் இரத்தம் கண்டு பயந்து சொன்னார், பார்த்தார்கள், அடங்கியது. மற்றக் கரைச்சலைப் பற்றி அவர் எங்களோடு கதைக்கவில்லை. பெரியம்மாவோடு கதைத்திருப்பார் என்று நம்புகிறோம்.

அந்தக் கிளினிக் துண்டு எங்களிடம் இருக்கிறது. 74 என்பதை வெட்டி, பக்கத்தில் பெரியப்பா தன் கையாலேயே எழுதியிருக்கிறார்: 8. கிழமைக்கு ஒரு தரம் போய்வர, நாலு கிழமைக்கு எட்டுக் கடல். அதிலும் ஒரு கிழமை போகாமல் விட்டதால் ஆறுதான் கடந்தார்.

தீவிலிருந்து போகிறவர்களுக்கு நாங்கள் சொல்லக்கூடியது இவ்வளவுதான். ரிப்போட்டுகளோடு உங்கள் ஊர்ப் பெயரையும் கொண்டுபோங்கோ. எந்தத் தீவு, எந்தப் படகு, திரும்பிப் போக எத்தனை மணி என்று முதல் நாளே வாயால் சொல்லுங்கோ.